பங்கு வணிகம்: கூட்டாளியாவதா, சூதாடியாவதா?

(அசோக் நகரில் ஜும்ஆ தொழுகைக்கு முன் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

  

நம் அசோக் நகரில் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கடந்த சில ஆண்டுகளில் அங்கே புகார் மனுக்களோடு காத்து நின்றவர்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ரசீதுகள், ஒப்பந்தப் பத்திரங்கள். ஓய்வூதியப் பணத்தை இழந்த முதியவர்களும், மகளின் திருமணத்திற்காகச் சேர்த்ததை இழந்த தாய்மார்களும் அங்கே நின்றார்கள்.

2022ஆம் ஆண்டு ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை தெரிவித்தது. மாதத்திற்கு 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாக ஆசை காட்டப்பட்டது. 1872இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் நிதி நிறுவனம் ஒன்றில் பணம் போட்ட முதியவர்கள் 2024இல் தங்கள் வைப்புத் தொகைக்காகத் தெருவில் நின்றார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார்.

'இவையெல்லாம் வட்டிக் கம்பெனிகள், நமக்கென்ன?' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2019 ஜூன் மாதம் பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் மூடப்பட்டது. அங்கே பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். 'வட்டி அல்ல, ஹலாலான இலாபம்; நீங்கள் வைப்பாளர் அல்ல, கூட்டாளி' என்று சொல்லியே பணம் பெறப்பட்டது. 'ஹலால்' என்ற ஒரு சொல்லை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் நகையை விற்றும் வீட்டை விற்றும் கொண்டு போய்க் கொடுத்தன.

சகோதரர்களே! நம் மக்கள் வட்டிக்கு அஞ்சி வங்கி வைப்பைத் தவிர்க்கிறார்கள். பங்குச் சந்தை என்றாலே சூது என்று எண்ணி அதையும் தவிர்க்கிறார்கள். பிறகு, தாடியும் தொப்பியும் கொண்ட ஒருவர் வந்து 'மாதா மாதம் இவ்வளவு கிடைக்கும்' என்று சொன்னால், கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு புறம் நம் இளைஞர்கள் கைப்பேசியில் இரவு பகலாகச் சந்தையைப் பார்த்துக்கொண்டு, தாம் செய்வது வணிகமா சூதாட்டமா என்று அறியாமலேயே பொருளை அழிக்கிறார்கள். ஆகவே இன்று, பங்கு என்றால் என்ன, அதில் ஆகுமானது எது, ஆகாதது எது, புதிதாகத் தொடங்குபவர் எதைப் பேண வேண்டும் என்பதை அல்லாஹ்வின் உதவியால் விளக்க விழைகிறேன்.

பங்கு என்பது கூட்டு

பாண்டி பஜாரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஜவுளிக்கடை வைக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். இலாபம் வந்தால் பத்தாகப் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் அதையும் பத்தாகத் தாங்குவார்கள். ஒருவர் விலக விரும்பினால் தம் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். பத்துப் பேருக்குப் பதிலாகப் பத்து லட்சம் பேர் சேர்ந்தால் அதுவே பொதுப் பங்கு நிறுவனம். அந்தப் பங்குகள் கைமாறும் இடமே பங்குச் சந்தை. நம் சென்னையிலும் 1937 முதல் ஒரு பங்குச் சந்தை இருந்தது. 2015இல் அது அங்கீகாரத்தைத் துறந்து விலகியது. இப்பொழுது மும்பையிலுள்ள இரு பெரும் சந்தைகளில் கணினி வழியே வாங்குவதும் விற்பதும் நடைபெறுகின்றன.

இந்தக் கூட்டு முறை நமக்குப் புதியதன்று. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிரியாவுக்கு வணிகம் சென்ற வரலாற்றைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஒருவர் முதல், இன்னொருவர் உழைப்பு, இலாபத்தில் இருவருக்கும் பங்கு. இதையே ஃபிக்ஹு நூல்கள் 'முளாரபா' என்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய கரையோர ஊர்களில் நம் முன்னோர் மரக்கலத்தில் சரக்கேற்றி வாழ்ந்தவர்கள். கலம் திரும்பி வந்தால் இலாபம். கடல் கொண்டு போனால் நட்டம். எந்த வணிகரும் 'கலம் கவிழ்ந்தாலும் உனக்கு மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று வாக்களிக்க முடியாது.

அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தையும் வட்டியையும் பிரித்து வைக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று சொன்னவர்களுக்கு அது மறுப்புரைக்கிறது. வணிகத்தில் பொருளுடையவர் நட்டத்திற்கும் ஆளாகிறார். வட்டியில் அவர் நட்டத்தை முழுவதுமாக மற்றவர் தலையில் வைக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், ஏமாற்றுக்காரரை அடையாளம் காணவும் அது போதும். முதலுக்கு உத்தரவாதமும் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையும் ஒருவர் வாக்களித்தால், அவர் சொன்னபடி தந்தால் அது வட்டியின் குணமுடையது. தராவிட்டால் அது மோசடி. அதற்கு எந்த அரபுப் பெயரைச் சூட்டினாலும் சரியே.

எந்த நிறுவனத்தின் பங்கு?

கூட்டாளி என்பவர் கடையின் இலாபத்தில் மட்டுமா பங்கு கொள்கிறார்? கடையின் செயலிலும் பங்கு கொள்கிறார். மது விற்கும் கடையில் கூட்டாளியாக இருந்துகொண்டு 'நான் விற்கவில்லை' என்று சொல்ல முடியாது. ஆகவே மது, பன்றி இறைச்சி, சூதாட்டம், ஆபாசம், வட்டி வங்கி, வட்டி நிதி நிறுவனம், வழக்கமான காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பங்குகள் நமக்கு ஆகா. புகையிலையையும் அறிஞர் குழுக்கள் விலக்கியுள்ளன.

அடுத்து வருவது நுட்பமான இடம். ஒரு நிறுவனம் மருந்து தயாரிக்கிறது, தொழில் ஹலாலானது. ஆனால் அது வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது. அல்லது தன் உபரிப் பணத்தை வட்டிக்குப் போட்டிருக்கிறது. இன்றைய பெரிய நிறுவனங்களில் இது சிறிதும் இல்லாதவை அரிது. இதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1992ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், எப்போதேனும் வட்டியில் ஈடுபடும் நிறுவனத்தின் பங்கை வாங்குவது அடிப்படையில் ஆகாது என்று கூறியது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அயோஃபி அமைப்போ, வரம்புகளிட்டு அனுமதித்தது: நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வட்டிக்குப் போட்ட பணமும் அவ்வாறே, ஆகாத வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் சில குழுக்கள் இதனினும் இறுக்கமான அளவுகளைக் கொண்டுள்ளன.

உங்களில் ஒருவர் முதற்கருத்தை மேற்கொண்டு விலகி நின்றால் அது பேணுதல். அவரை யாரும் குறை கூறலாகாது. இரண்டாம் கருத்தை மேற்கொள்பவர் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே மேற்கொள்ள வேண்டும். அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிடுவது மார்க்கத்தைப் பின்பற்றுவதாகாது.

அந்நிபந்தனைகளுள் முக்கியமானது தூய்மைப்படுத்தல். உங்களுக்கு ஓராண்டில் 2,000 ரூபாய் ஈவுத்தொகை வந்தது. அந்நிறுவனத்தின் வருமானத்தில் 3 விழுக்காடு வட்டி வழியே வந்தது என்று கொள்வோம். அப்படியானால் 60 ரூபாயைத் தனியே பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது நன்மையை நாடிக் கொடுக்கும் ஸதகா அன்று, நம்முடையதல்லாததை அப்புறப்படுத்துவது.

சாதாரண மனிதர் இக்கணக்கையெல்லாம் எங்கே பார்ப்பது என்று கேட்கலாம். மும்பையிலுள்ள டாசிஸ் என்ற ஆலோசனை அமைப்பு நிறுவனங்களின் கணக்கேடுகளை இந்நோக்கில் ஆய்ந்து வருகிறது. 2010 டிசம்பரில் மும்பைப் பங்குச் சந்தை அதன் துணையோடு ஒரு ஷரியா குறியீட்டை வெளியிட்டது. தேசியப் பங்குச் சந்தையிலும் நிஃப்டி 50 ஷரியா, நிஃப்டி 500 ஷரியா என்னும் குறியீடுகள் உண்டு. டாடா எத்திக்கல், டாரஸ் எத்திக்கல் முதலிய பரஸ்பர நிதிகள் இவ்வரம்புகளுக்குள் நின்று முதலிடுவதாகத் தெரிவிக்கின்றன. பலருடைய பணத்தை ஒன்று திரட்டிப் பல நிறுவனங்களில் பரவலாகப் போடுவதே பரஸ்பர நிதி. இப்பெயர்களைச் சொல்வது பரிந்துரைக்காக அன்று. அப்படியொரு வழி இருக்கிறது என்று அறிவிப்பதற்காகவே. பட்டியல்கள் காலந்தோறும் மாறும். இன்று தேறிய நிறுவனம் நாளை கடன் மிகுந்து நீங்கலாம்.

வணிகம் எங்கே முடிந்து சூது தொடங்குகிறது?

ஓராண்டுக்கு முன் இஷா தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் என்னிடம் தனியே வந்தார். நல்ல படிப்பு, கணினி நிறுவனத்தில் வேலை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், தங்கச்சி நிக்காஹுக்கு அத்தா சேர்த்து வைத்திருந்த பணம் என் கணக்கில்தான் இருந்தது. ஆப்ஷனில் போட்டேன். போய்விட்டது. அத்தாவுக்கு இன்னும் தெரியாது" என்றார். முதல் வாரத்தில் அவருக்கு எட்டாயிரம் ரூபாய் கிடைத்ததாம். அந்த எட்டாயிரம்தான் அவரை அழித்தது.

"எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கினீர்கள், தம்பி?" என்று கேட்டேன். "பங்கு எதுவும் வாங்கவில்லை, ஹஜ்ரத். வியாழக்கிழமைக்குள் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதில் பணம் கட்டினேன்" என்றார். தம் நிலையைத் தாமே சொல்லிவிட்டார். கடையும் இல்லை, சரக்கும் இல்லை, கூட்டும் இல்லை. ஏறினால் ஒருவருக்கு, இறங்கினால் இன்னொருவருக்கு. ஒருவர் வெல்வது மற்றவர் தோற்பதனால் மட்டுமே. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து விலக்கியிருக்கும் சூதுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஜித்தா அகாடமியும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஆகாதவை என்றே தீர்மானித்துள்ளது.

மார்க்கம் விலக்கியதன் ஞானத்தை எண்களும் காட்டுகின்றன. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூற்றில் ஒருவர் மட்டுமே செலவு போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இலாபம் கண்டார். நம் இளைஞர் அந்த நூற்றில் ஒருவர் தாமே என்று எண்ணிக்கொண்டிருந்தார். தோற்ற அனைவரும் அவ்வாறே எண்ணியிருந்தார்கள்.

அதுபோல, தம் கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கிய பின் வாங்கிக் கொடுப்பதும் ஆகாது. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பங்கு தம் கணக்கில் வந்து சேருமுன் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் தினசரி வணிகத்தையும் அறிஞர் பலர் தடுத்துள்ளனர். தரகு நிறுவனம் வட்டிக்குக் கடன் தந்து 'ஒன்றுக்கு நான்காக வாங்குங்கள்' என்றால் அது வட்டி என்பதில் ஐயமே இல்லை.

தொடங்குபவர் பேண வேண்டியவை

முதலாவதாக, கடனை அடையுங்கள். கடன் சுமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். குடும்பத்தின் ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகை, ஹஜ்ஜுக்கு வைத்த பணம் ஆகியவை சந்தைக்குப் போகக் கூடாது. ஐந்து, ஏழு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத பணம் மட்டுமே போகலாம். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ் அவ்வாண்டு அக்டோபரிலேயே 8,000க்குக் கீழே இறங்கியது. காத்திருக்க முடிந்தவர்கள் மீண்டார்கள். அவசரத் தேவைக்கு விற்றவர்கள் நட்டத்தோடு வெளியேறினார்கள்.

இரண்டாவதாக, வாசலைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வருமான வரி அட்டையான பான், வங்கிக் கணக்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு ஆகியவை வேண்டும். தரகர் செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபியின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பணம் தரகு நிறுவனத்தின் கணக்குக்குச் செல்ல வேண்டுமேயன்றி ஒரு தனிமனிதரின் கணக்குக்குச் செல்லலாகாது. 2023 ஜனவரி முதல், வாங்கிய மறு வேலை நாளிலேயே பங்கு உங்கள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சேரவில்லையென்றால் உடனே கேளுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் 'நாளை இரட்டிப்பாகும்' என்று வரும் குறிப்புகளைத் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவதாக, விலையைக் கண்டு மயங்க வேண்டாம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 42 லட்சம் மட்டுமே என்பது அதற்கு ஒரு காரணம். பத்து ரூபாய்ப் பங்கு மலிவு என்பதும் ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு விலை மிகுந்தது என்பதும் அறியாமை. நிறுவனம் என்ன செய்கிறது, எவ்வளவு ஈட்டுகிறது, எவ்வளவு கடன் பட்டிருக்கிறது என்பனவே கேட்கத் தக்கவை.

நான்காவதாக, எல்லாவற்றையும் ஒரே கலத்தில் ஏற்ற வேண்டாம். 2009 ஜனவரி 7ஆம் நாள் சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகள் பொய்யென்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரே நாளில் அதன் பங்கு முக்கால் பங்குக்கு மேல் மதிப்பை இழந்தது. நாட்டின் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று அது.

ஸகாத்தும் வாரிசுரிமையும்

பங்கு வைத்திருப்பவர் ஸகாத்தை மறந்துவிடக் கூடாது. விலை ஏறியதும் விற்பதற்காக வாங்கியவர், ஆண்டு நிறைவில் சந்தை மதிப்பு முழுவதற்கும் இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். 50,000 ரூபாய்ப் பங்குக்கு அது 1,250 ரூபாய். நீண்ட காலம் வைத்து ஈவுத்தொகை பெறுபவருக்கு, நிறுவனத்தின் ரொக்கம், சரக்கு போன்ற ஸகாத்துக்குரிய சொத்தின் அளவுக்குக் கணக்கிடலாம் என அறிஞர் பலர் கூறுகின்றனர். ஐயமிருப்பின் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

வாரிசுரிமை இதனினும் அதிகமாக மறக்கப்படுகிறது. குடும்பத் தலைவர் பங்குகளை வாங்குகிறார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. அவர் இறந்த பின் ஈவுத்தொகை ஏழாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், அதுவும் பங்கும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பின்னர் மீட்கலாம், ஆயினும் அலைச்சல் பெரிது. ஆகவே எழுதி வையுங்கள். அல்பகராவின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்வதை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்!

கணக்கில் நியமனதாரராக ஒரு மகனின் பெயர் மட்டும் இருக்கலாம். அதனால் அவரே முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். நியமனம் வாரிசுச் சட்டத்தை மீறாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. தாய்க்கும், மனைவிக்கும், பெண் மக்களுக்கும் அல்லாஹ் விதித்த பங்கு அதில் உண்டு. 'பெயர் என்னுடையது' என்று சொல்லி உடன்பிறந்தாளின் உரிமையை உண்பவர், வட்டியைத் தவிர்த்ததில் என்ன பயன் கண்டார்?

சகோதரர்களே! நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வத்தை எல்லாம் தர்மம் செய்ய விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று உணர்த்தினார்கள். ஆகவே பொருளைப் பேணுவதும் வளர்ப்பதும் உலக ஆசை மட்டுமல்ல, பொறுப்பு.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவே அவரை அழைத்துக்கொண்டு அவர் தந்தையிடம் சென்றேன். தந்தை நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "கைப்பேசியிலிருந்து அதை நீக்கிவிடு. மாதம் எவ்வளவு தருவாய் என்று எழுதிக் கொடு" என்றார். மகன் எழுதிக் கொடுத்தார். நிக்காஹ் எளிய முறையில் நம் பள்ளிவாசலிலேயே நடைபெற்றது. கடன் இன்னும் அடைந்துகொண்டிருக்கிறது. ஆனால் வீட்டில் பொய் இல்லை.

இன்று வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் கைப்பேசியில் என்ன வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்று அன்போடு கேளுங்கள். திட்டாதீர்கள், கேளுங்கள். 'நீ எந்தக் கடையில் கூட்டாளி?' என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள். பதில் இல்லையென்றால், பணம் முழுவதும் போகுமுன் அவர்களைக் கைப்பிடித்து வெளியே கொண்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலான ரிஸ்க்கைத் தந்து அதில் பறக்கத் செய்வாயாக! வட்டியை விட்டும், சூதை விட்டும், ஏமாற்றுவதை விட்டும், ஏமாறுவதை விட்டும் எங்களையும் எங்கள் மக்களையும் காப்பாயாக! பொருளை இழந்து தவிக்கும் குடும்பங்களுக்கு நல்ல மாற்றைத் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.